சேற்றில் எழுதிய கணக்கு

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அப்பகுதியைச் சேர்ந்த தொண்டூருக்கு வந்து சமணப் படுக்கைகளையும் பழந்தமிழ்க் கல்வெட்டையும் காண்போர் மிகச் சிலர். அவ்வூர் ஏரியிலிருந்து தொண்டியாறு புறப்படுகிறது. வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் செஞ்சியாற்றிற் கலந்து, புதுச்சேரிக்குத் தெற்கே அது கடலை அடைகிறது. ஆகவே எங்கள் வயல்களில் இட்ட உரமும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் மழைக்காலத்தில் கடலுக்கே போய்ச் சேரும். சேர்ந்தபின் அங்கே என்ன ஆகிறது என்று யார் கணக்கெடுப்பது?

ஜலத்தைக் குப்பியில் எடுத்துச் சோதித்தாற் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்று எடுத்த நீர் நாளை அலையோடு போய்விடும். மீனோ, தீங்கு கண்டவுடன் வேறிடம் நீந்திவிடும். ஓட வழியில்லாதவை கடலடிச் சேற்றிற் புதைந்து வாழும் முதுகெலும்பில்லாப் பிராணிகளே: புழுக்கள், மட்டிகள், சிறு நண்டுகள், இறாலுக்கு உறவான தெள்ளுப்பூச்சி அளவுள்ள சிற்றுயிர்கள். நல்லதோ கெட்டதோ, இருந்த இடத்திலேயே அவை அனுபவித்தாக வேண்டும். அதனாலேயே பல மாதங்களாக நடந்தவற்றிற்கு அவை சாட்சியாகின்றன.

அச்சாட்சியைப் பெறும் முறை எளிது. இரு தாடைபோல் மூடிக்கொள்ளும் இரும்புக் கவ்வியைப் படகிலிருந்து இறக்குவார்கள். அது ஒரு சதுர மீட்டரிற் பத்தில் ஒரு பங்கு தரையைக் கவ்வி வரும். சேற்றை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசி, எஞ்சியதைப் பார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் என்னும் சாயம் ஏற்றுவார்கள். பிராணிகள் செந்நிறம் பெற்று மணலினின்றும் தனித்துத் தெரியும். பிறகு ஒவ்வொன்றாய் இனம் பிரித்து எண்ண வேண்டும். அரிசியிற் கல் பொறுக்கிய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

நல்ல கடலடியில் இனங்கள் பலவாயிருக்கும். சாக்கடை மிகுந்து பிராணவாயு குறைந்தால் மெல்லிய இனங்கள் மறைய, காபிடெல்லா போன்ற சில புழுக்கள் மட்டும் ஆயிரக்கணக்கிற் பெருகும். தலைகளை மட்டும் எண்ணுபவன் கடல் செழிக்கிறதென்று ஏமாறுவான்! பியர்சன், ரோஸன்பர்க் என்னும் இருவர் 1978-ல் இப்போக்கைத் தெளிவாக விளக்கினர். 2000-ல் ஸ்பெயின் தேசத்தார் பிராணிகளை ஐந்து வகுப்பாக்கி, கேட்டை ஓர் எண்ணாற் குறிக்கும் அளவுகோல் வகுத்தனர்.

இது மேனாட்டார் வித்தை என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1937-லேயே சென்னையில் என். கே. பணிக்கரும் ஆர். கோபாலய்யரும் உவர்நீர்ப் பிராணிகளை ஆராய்ந்து எழுதினர். 1944-ல் எம். சாமுவேல் சென்னைக் கடலடிப் பிராணிக் கூட்டங்களைப் பற்றி வெளியிட்டார். வெள்ளாற்று முகத்தில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக நிலையத்தார் இத்துறையில் நெடுங்காலம் உழைத்திருக்கின்றனர்.

அங்கே தெரிய வந்த விஷயம் முக்கியமானது. ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் கழிமுகத்தின் உப்பு திடீரெனக் குறையப் பல பிராணிகள் மடிகின்றன. கோடையில் மீண்டும் நிறைகின்றன. ஐரோப்பிய அளவுகோலை அப்படியே வைத்தால் இயற்கையின் வெள்ளத்தையும் ஆலைக் கழிவென்று பழிப்போம். அல்லது, அதனினும் கேடாக, ஆலைக் கழிவின் குற்றத்தை வெள்ளத்தின் தலையிற் போட்டு விட்டுவிடுவோம்.

இது வீண் அச்சமன்று. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மழையில்லை; கரையில் ஒதுங்கியதை ஜனங்கள் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரிலோ எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியது புயல் வெள்ளத்தின் நடுவிலே. எண்ணெய் பட்டால் முதலில் மடிபவை மேற்சொன்ன இறாலுறவுச் சிற்றுயிர்கள். ஆனால் அவை முன்பு எத்தனை இருந்தன, வழக்கமான வெள்ளத்தில் எத்தனை குறையும் என்ற பழங்கணக்கு கையில் இல்லாவிடில், நஷ்டம் கேட்டு வரும் மீனவர் எதைக் காட்டுவார்?

ஆகையால் ஒவ்வொரு கழிமுகத்திலும், சங்கராபரணியின் முகத்திலுங்கூட, குறித்த இடங்களில் மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஆண்டுதோறும் சேறு எடுக்க வேண்டும். படகும் கவ்வியும் சல்லடையும் கிடைத்துவிடும். புழுவை இனம் பிரிக்கக் கற்றவர்தாம் அரியர். அப்படியொருவரைத் தயார் செய்யப் பல வருஷம் பிடிக்கும்.