ஆயிரம் வாட்டும் ஐந்து வாட்டும்

"வெறுங்கை முழம் போடுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். போடும் என்று நம்பி ரொக்கம் கொடுத்து ஏமாந்தவன் நான். பலசரக்குக் கடை வைத்து, தினமும் தராசு பிடிப்பவன் எப்படி ஏமாந்தேன் என்பதை வணிக நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

1996 தீபாவளி வியாபாரம் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நின்றது. பாட்டுக் கேட்பதில் எனக்குச் சிறு வயது முதலே பைத்தியம் உண்டு. டவுனில் ஒரு கடையில் புதிதாக வந்திருந்த டேப் ரெக்கார்டர் செட் ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஓடும் விளக்குகள். அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று அச்சிட்டிருந்தது. ஆயிரம் வாட் என்றால் தெருவே அதிரும் என்று எண்ணி வாங்கி வந்து கடையில் வைத்தேன். முன்கடையில் பாடினால் பின்னால் உள்ள கிட்டங்கிக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் கரகரத்தது.

அடுத்த மாதம் எங்கள் தெருக் கோயிலில் விசேஷம். மைக் செட் போட வந்த பெரியவர் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினார். பாட்டு அரை மைல் தள்ளி இருக்கும் ரயில்வே கேட் வரை கேட்டது. அவருடைய ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் என்று விசாரித்தேன். "முப்பது" என்றார். நான் என் ஆயிரம் வாட் பெட்டியைக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, முன்பக்கம் படிச்சீக. பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு பாத்தீகளா?"

திருப்பிப் பார்த்தேன். மின்சாரச் செலவு 25 வாட் என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தது.

"இருபத்தஞ்சு வாட்டு கரண்டு குடிக்கிற பெட்டி ஆயிரம் வாட்டு எப்படி அண்ணாச்சி கக்கும்? நீங்க கால் மூட்டை கொள்முதல் பண்ணிப் பத்து மூட்டை விப்பீகளா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சிவந்துவிட்டது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு நிலையான அளவுமுறை ஏதும் கிடையாது, ஒவ்வொரு உற்பத்தியாளரும் தமக்குத் தோன்றிய கணக்கில் ஒரு கண்ணிமைப்பொழுது உச்சத்தைப் பெருக்கிப் போடும் எண் அது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். தொடர்ந்து கிடைக்கும் சக்தியை ஆர்.எம்.எஸ். வாட் என்பார்கள். என் செட்டில் அது பத்து வாட் இருந்தாலே அதிகம்.

குழாய் செய்யும் வேலை

ஏமாந்தது புரிந்தது. ஆனால் முப்பது வாட் எப்படி ஊரைத் தூக்கியது என்பது புரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பித்து என்னைப் பிடித்துக்கொண்டது.

வீட்டு ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. காற்று மிக லேசானது. வெறும் கையால் விசிறினால் எவ்வளவு காற்று வரும்? கை வலிப்பதுதான் மிச்சம். அதுபோல ஸ்பீக்கருக்குப் போகும் மின்சக்தியில் 100க்கு 1 பங்குகூட ஒலியாவதில்லை. மற்றதெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. நம் வியாபாரத்தில் இப்படிச் சேதாரம் வந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

குழாய் இந்தச் சேதாரத்தைக் குறைக்கிறது. அதன் சிறிய முனையில் உள்ள தகடு, குறுகிய இடத்தில் அடைபட்ட காற்றைத் தள்ளுகிறது. அங்கே காற்று எதிர்த்து நிற்பதால் தள்ளும் வலு வீணாவதில்லை. குழாய் சிறிது சிறிதாக விரிந்து, அந்த அழுத்தத்தை வெளிக்காற்றுக்குப் பக்குவமாகக் கைமாற்றிவிடுகிறது. தகடு கொஞ்சம் அசைந்தாலே போதும் என்பதால் ஒலியும் சிதைவதில்லை. பழைய கிராமபோன் பெட்டிக்கு மின்சாரமே இல்லாமல் வீடு முழுவதும் கேட்டதும் இந்தக் குழாயால்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்று அளப்பார்கள். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 85 முதல் 90 வரை தரும். நல்ல குழாய் 105ஐத் தொடும். 10 டெசிபல் கூடுதல் வேண்டுமானால் 10 மடங்கு வாட் வேண்டும். 20 டெசிபலுக்கு 100 மடங்கு. ஆகவே மற்றவர் 100 வாட் செலவழித்துப் பெறும் ஒலியைக் குழாய்க்காரர் ஒன்றிரண்டு வாட்டில் பெற்றுவிடுகிறார்.

அப்படியானால் கோயில் குழாயையே வீட்டில் மாட்டிக்கொள்ளலாமே? முடியாது. அதில் நாதஸ்வரம் கேட்கும், தவிலின் அடிநாதம் கேட்காது. குரல் மூக்கால் பேசுவது போலிருக்கும். காரணம், தாழ்ந்த ஒலிக்குக் குழாயின் வாய் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். நொடிக்கு 40 அதிர்வு உள்ள ஒலியின் அலை நீளம் சுமார் 28 அடி. அதை முழுமையாகத் தர வேண்டுமானால் குழாய் வாயின் குறுக்களவு ஒன்பது அடி இருக்க வேண்டும். யார் வீட்டில் வைப்பது?

மூலையில் கிடைத்த வழி

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் பால் வில்பர் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர். 1904இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். மின் பொறியியல் படித்து, சிலி நாட்டில் மின்சார ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். பிறகு டெக்சாஸில் பூமிக்கடியில் எண்ணெய் வளம் தேடும் ஆய்வு வேலை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ அதிகாரியாக, ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் இருந்த வெடிபொருள் சோதனைத் தளத்துக்கு வந்தார். பாட்டுப்பெட்டி செய்வது அவருக்குப் பொழுதுபோக்குதான்.

அவர் கண்டது இதுதான். ஸ்பீக்கரை அறையின் மூலையில் வைத்தால், இரு பக்கச் சுவர்களும் தரையும் சேர்ந்து தாமே ஒரு குழாயாக விரிகின்றன. அப்போது நாம் செய்ய வேண்டிய வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மீதிக்குச் சுவர் நமக்குக் கூலியின்றி வேலை செய்கிறது. நீளமான பாதையை மரப்பெட்டிக்குள் மடித்து மடித்து அடக்கிவிட்டார். 1945இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெட்டி சுமார் நாலேகால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். எடை 75 கிலோ அரிசி மூட்டைக்குக் குறையாது.

அவர் ஜாகையில் பாட்டுக் கேட்ட சக அதிகாரிகள் இதை விலைக்குச் செய்து தரலாமே என்றார்கள். 1946இல் அதே ஹோப் ஊரில் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க அதிபரான பில் கிளின்டன் அதே ஆண்டு பிறந்ததும் அதே ஊரில்தான். கிளிப்ஷின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. முதல் வேலையாளை அமர்த்தியதே 1948இல்தான். சரக்கின் பெயர் கிளிப்ஷ்ஹார்ன்.

சிறிய பெட்டி வந்தபோது

எட்டே ஆண்டில் பெரிய போட்டி வந்தது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப் புகாத சிறிய பெட்டியிலிருந்தே ஆழ்ந்த தாழ்குரலை எடுக்கும் வழியைக் கண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலமாரியில் வைக்கலாம். வீட்டுப் பெண்களின் ஆட்சேபமும் இல்லை. ஆனால் அது வாட்டை அதிகமாகக் குடிக்கும். 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்தபின் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட்டின் விலையைத் தரைமட்டமாக்கியது. எனவே வாடிக்கையாளர் சிறிய பெட்டியின் பக்கமே சாய்ந்தார். அதுவும் நல்ல சரக்குதான். அதைக் குறை சொல்வதற்கில்லை.

கிளிப்ஷ் என்ன செய்தார்? தன் சரக்கின் அடிப்படையை விடவில்லை. அதே சமயம் பிடிவாதமாகக் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. மூலை இல்லாத அறைக்கு வேறு அளவுகளில் செய்தார். மூலையில்தான் வைக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லி வந்தவரே 1957இல் சிறிய பெட்டி ஒன்றைச் செய்ததால், அதற்கு ஹெரிசி, அதாவது மதத்துரோகம் என்றே பெயர் சூட்டினார்கள்! 1963இல் செய்த லா ஸ்கேலா என்ற குழாய்ப்பெட்டி, ஆளுநர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்பெல்லரின் பிரசாரத்துக்காக உருவானது. மூல சரக்கான கிளிப்ஷ்ஹார்ன் அவ்வப்போது சிறு திருத்தங்களோடு, 1946 முதல் இன்றுவரை செய்யப்பட்டு வருகிறது. 1989இல் நிறுவனம் உறவினர் கைக்கும், 2011இல் வேறு நிறுவனத்தின் கைக்கும் மாறிய பின்னும் அது நிற்கவில்லை.

கோட்டுக்குள் ஒரு வில்லை

இந்த மனிதரிடம் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. கோட்டின் காலர் மடிப்புக்கு அடியில் மஞ்சள் நிற வில்லை ஒன்றைக் குத்தியிருப்பார். "சுத்தப் புளுகு" என்று பொருள்படும் கொச்சை வார்த்தை அதில் இருக்கும். யாராவது தம் சரக்கைப் பற்றி அளவுக்கு மீறி அளந்தால், வாய் திறக்காமல் மடிப்பைத் தூக்கிக் காட்டுவார். மற்றவர்கள் நூறு, இருநூறு வாட் என்று போட்டி போட்டபோது, உலகத்துக்குத் தேவை நல்ல ஐந்து வாட் ஆம்ப்ளிஃபயர்தான் என்று அவர் சொல்வதுண்டு. 2002இல் தமது 98ஆவது வயதில் ஹோப் ஊரிலேயே காலமானார்.

வாட் எண்ணில் புளுகு அமெரிக்காவிலும் முற்றிப்போய், 1974இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு சிதைவோடு, தொடர்ந்து எத்தனை வாட் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்த விதியை 2024இலும் புதுப்பித்திருக்கிறார்கள். நம் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற மாதிரிதான். முத்திரைக்காக வரிசையில் நிற்கும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். முத்திரை இல்லாத அளவை நம்பி ஏமாந்தபோதுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது.

கிட்டங்கியில் கச்சேரி

2004இல் பக்கத்து ஊர் சினிமாக் கொட்டகையை இடித்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த குழாய் ஸ்பீக்கர் ஒரு ஜோடி பழைய இரும்புக் கடைக்கு வந்தது. பேரம் பேசி வாங்கினேன். வண்டியில் வீட்டு வாசலுக்கு வந்ததும், "இது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள் என் மனைவி. இரண்டும் கிட்டங்கிக்குப் போயின.

அது நல்லதாகவே முடிந்தது. அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கியில் எதிரொலியே இல்லை. மூட்டைகள் ஒலியைக் குடித்துவிடுகின்றன. மூலையில் வைத்துப் பத்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். கடை அடைத்தபின் அரை மணி நேரம் கேட்பேன். பாடகர் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். பொங்கல் வியாபாரத்தில் சரக்கு காலியானால் அதே பாட்டு கணகணவென்று எதிரொலிக்கும். புது லோடு இறங்கினால் சரியாகிவிடும். இப்போது சரக்கு இருப்பைப் பாட்டைக் கேட்டே மதிப்பிடலாம் என்று கடைப் பையன்கள் கேலி செய்வார்கள்.

வீட்டுக்கு செட் வாங்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். இன்றும் புளூடூத் பெட்டிகளில் பெரிய பெரிய எண்களைக் காணலாம். பெட்டியின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். ஆர்.எம்.எஸ். வாட் எத்தனை, 1 வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தாழ்குரல் போதவில்லை என்றால், புதிது வாங்குமுன் பெட்டியை மூலைப்பக்கம் நகர்த்திப் பாருங்கள், காசில்லாமல் கூடும். குமுறினால் ஓர் அடி வெளியே இழுங்கள். வெறும் சுவரும் தரையுமான அறை என்றால் ஒரு ஜமுக்காளமும் திரைச்சீலையும் செய்கிற நன்மையை நூறு வாட் செய்யாது.

அந்த ஆயிரம் வாட் பெட்டியை நான் விற்கவில்லை. விற்பதென்றால் என்ன சொல்லி விற்பது? கடைப் பரணில் கிடக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு ஒருமுறை அதை இறக்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காட்டிவிட்டுத்தான் தராசைக் கையில் கொடுக்கிறேன்.