கடல் நடுவே ஒரு காவல்: வானிலை மிதவைகளும் உழவர் அறிய வேண்டியவையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்ற செய்தி அடிக்கடி காதில் விழும். சம்பா நடவு முடித்தவர், வாழைக்கு முட்டுக் கொடுக்காதவர், தேங்காய் பறிப்பைத் தள்ளிப் போட்டவர் ஆகிய அனைவருக்கும் அன்று முதல் மனம் ஒரு நிலையில் இராது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அம்மழையின் பெரும் பகுதியைக் கொண்டு வருபவை வங்கக் கடலில் தோன்றும் தாழ்வுப் பகுதிகளே. குளம் நிரம்புவதும் அவற்றால்தான். தோப்பு சாய்வதும் அவற்றால்தான்.

கரையிலிருந்து பல நூறு கிலோ மீட்டருக்கு அப்பால், ஆளில்லாத கடலில் காற்று எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று அளந்து சொல்வது யார்? அதற்கென நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட கருவி மிதவைகள் உள்ளன. சூரிய ஒளியில் மின்சாரம் எடுத்து இரவு பகலாக உழைக்கும் இம்மிதவைகளைப் பற்றி உழவரும் அறிந்திருப்பது நல்லது.

கப்பல் விலகும், மிதவை விலகாது

முற்காலத்தில் நடுக்கடல் வானிலையை அறியப் பெரும்பாலும் கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது. கப்பலில் உள்ளவர்கள் காற்றையும் அழுத்தத்தையும் அளந்து வானொலி மூலம் கரைக்குச் சொல்வார்கள். இதில் பெரிய குறை ஒன்று உண்டு. புயல் வருகிறது என்று தெரிந்தால் கப்பல் அவ்விடத்தை விட்டு விலகிவிடும். எந்த இடத்தின் செய்தி மிகவும் தேவையோ, அந்த இடத்திலிருந்து செய்தி வராது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோதும், 1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஆந்திரத்தின் திவி சீமையில் கடல் புகுந்து பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனபோதும், நம் கடலில் இத்தகைய மிதவைகள் இல்லை.

இக்குறையைப் போக்க, 1996-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய மிதவைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதனை நடத்தி வருகிறது. அதன் மிதவைகள் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நிறுத்தப்பட்டுள்ளன. புயல் தலைக்கு மேல் கடந்தாலும் மிதவை தன் இடத்திலேயே ஆடிக்கொண்டு அளந்து சொல்லும்.

மிதவையின் அமைப்பு

மிதவையின் உடல் இரண்டு மூன்று மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தட்டுப் போன்றது. தொலைவிலிருந்து தெரிய மஞ்சள் வண்ணம் பூசி, மின்னும் விளக்கும் வைத்திருப்பார்கள். அதன்மேல் நிற்கும் சிறு கோபுரத்தில் காற்றின் வேகம், காற்று வீசும் திசை, காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் உள்ளன. அலையின் உயரத்தை அளக்கும் கருவி உடலுக்குள் இருக்கும். நீரோட்டம், கடல்நீரின் வெப்பம், உப்பின் அளவு ஆகியவற்றை அளக்கும் கருவிகள் நீருக்கடியில் தொங்கும். சில மிதவைகளில் இக்கருவிகள் 500 மீட்டர் ஆழம் வரை வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன.

வங்கக் கடலின் நடுப்பகுதியில் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல். அவ்வளவு ஆழத்தில் கனமான நங்கூரத்தை இறக்கி, நீண்ட கயிற்றால் மிதவையைப் பிணைக்கின்றனர். முளையடித்துக் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குச் சுற்றி மேய்வது போல, மிதவையும் ஒரு வட்டத்துக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டிப் போகாது.

வெயிலே எரிபொருள்

நடுக்கடலுக்கு மின்கம்பி இழுக்க முடியாது. நாள்தோறும் ஆள் சென்று பாட்டரி மாற்றவும் இயலாது. ஆகவே கோபுரத்தைச் சுற்றிலும் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியுள்ளனர். மிதவை எப்பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு தகட்டில் வெயில் படும். பகலில் கிடைக்கும் மின்சாரம் பாட்டரியில் சேர்ந்து இரவில் பயன்படுகிறது. மழைக்காலத்தில் பல நாள் வெயில் முகமே தெரியாது. புயல் வருவதும் அப்போதுதான். அந்நாட்களையும் தாங்குமளவு சேமிப்பு பாட்டரியில் இருக்க வேண்டும். பறவைகளின் எச்சமும் உப்புப் படிவும் தகடுகளின் திறனைக் குறைக்கும். நீருக்கடியில் உள்ள கருவிகளில் பாசியும் ஒட்டுயிர்களும் பற்றிக்கொள்ளும். கப்பலில் சென்று இவற்றைச் சுத்தம் செய்தும், பழுதானவற்றை மாற்றியும் பராமரிக்கின்றனர்.

வானிலிருந்து பார்த்தால் போதாதா?

செயற்கைக் கோள்கள் மேகத்தைப் படம் பிடித்து அனுப்பும்போது மிதவை எதற்கு என்று கேட்கலாம். வரப்பில் நின்று பார்த்தால் பயிரின் பச்சை தெரியும்; வேரின் நிலை தெரியுமா? வயலில் இறங்கி மண்ணைக் கிளறித்தான் பார்க்க வேண்டும். செயற்கைக் கோள் கடலின் மேற்பரப்பைப் பார்க்கும். அடியில் உள்ள வெப்பத்தைப் பார்க்காது. கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தையும் மிதவை போல நேரடியாக அளக்காது.

புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் புயல் வளர வாய்ப்பு உண்டு. பொதுவாகப் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வேகத்தைத் தணிக்கும். வங்கக் கடலில் இது எப்போதும் நடப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகள் கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட எடை குறைந்தது. அது மேலே மெல்லிய போர்வை போலப் படர்ந்து நிற்கும். அடிநீர் எளிதில் மேலே வர அது விடாது. அந்நிலையில் புயல் வலுக்குன்றாமல் கரை நோக்கி வரக்கூடும். உப்பின் அளவையும் ஆழத்தின் வெப்பத்தையும் மிதவைகள் அளப்பது இதனை அறியத்தான்.

செய்தி வரும் வழி

மிதவை அளந்த விவரம் செயற்கைக் கோள் வழியாகச் சென்னை நிறுவனத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்துக்கும், இந்திய வானிலைத் துறைக்கும் செல்கிறது. வானிலைத் துறையினர் இதனுடன் செயற்கைக் கோள் படங்கள், ராடார், கப்பல், கரையோர நிலையங்கள் ஆகியவற்றின் விவரங்களையும் சேர்த்துக் கணினியில் கணக்கிட்டு முன்னறிவிப்பு தருகின்றனர்.

இதன் பயனை ஒடிசாவில் காணலாம். 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் பாராதீப் பகுதியைத் தாக்கிய பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் கோபால்பூர் அருகே 'பைலின்' புயல் கடந்தபோது, முன்கூட்டியே பல லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது. மிதவை மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. முன்னறிவிப்பு, புயல் காப்பகங்கள், அரசின் ஏற்பாடு, மக்களின் ஒத்துழைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே சாதித்தன.

மரத்தை இடம் பெயர்க்க முடியாது

மனிதரை இடம் மாற்றலாம். தோப்பை மாற்ற முடியாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடந்த 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையேறிய 'கஜா' புயல் காவிரிப் படுகையிலும் புதுக்கோட்டையிலும் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரு தென்னை மீண்டும் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கிடைக்கும் இரண்டு மூன்று நாள் அவகாசத்தில் எதைக் காப்பாற்ற முடியுமோ அதைக் காப்பாற்றுவதே உழவரின் பங்கு.

அறிவிப்புச் சொற்களின் பொருள்

காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோ மீட்டர் வேகத்தில் வீசினால் 'தாழ்வு மண்டலம்'. 50 முதல் 61 வரை 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்'. 62 முதல் 88 வரை 'புயல்'. 89 முதல் 117 வரை 'தீவிரப் புயல்'. அதற்கு மேலும் நிலைகள் உண்டு.

ஒரு நாளில் 7 முதல் 11 சென்டி மீட்டர் பெய்தால் 'கன மழை'. 12 முதல் 20 வரை 'மிகக் கன மழை'. அதற்கு மேல் 'அதி கன மழை'. ஒரு சென்டி மீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீர். 10 சென்டி மீட்டர் என்றால் 4 லட்சம் லிட்டர். வடிகாலைத் தூர் வாராமல் விட்டவர் இக்கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பு வந்ததும் செய்ய வேண்டியவை

1. வயலின் வடிகால் வாய்களைத் திறந்து, அடைப்புகளை அகற்றவும்.

2. மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திப் போடவும். மழைக்கு முன் இட்ட யூரியா வெள்ளத்தோடு போய்விடும்.

3. நெல் பெரும்பாலும் முற்றியிருந்தால் உடனே அறுவடை செய்து, மேட்டுப் பாங்கான இடத்தில் தார்ப்பாய் கொண்டு மூடவும்.

4. வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். முற்றிய தார்களை வெட்டி விற்றுவிடவும்.

5. தென்னையில் முற்றிய காய்களையும், தலைப்பாரமாகத் தொங்கும் அடி மட்டைகளையும் இறக்கவும். காற்று வீசத் தொடங்கிய பின் மரம் ஏறக் கூடாது.

6. கரும்பில் சோகை உரித்து, அடுத்தடுத்த வரிசைகளைச் சேர்த்து விட்டம் கட்டவும்.

7. கால்நடைகளைப் பலவீனமான கொட்டகையிலோ மரத்தடியிலோ கட்டி வைக்க வேண்டாம்.

மிதவையால் சொல்ல முடியாதது

எந்த ஊரில், எந்த வயலில், எத்தனை மணிக்கு மழை என்று மிதவை சொல்லாது. புயல் கடைசி நேரத்தில் திசை மாறுவதும், கடலிலேயே வலுவிழப்பதும் உண்டு. "போன முறை சொன்னார்கள், வரவில்லை" என்று அடுத்த அறிவிப்பை அலட்சியம் செய்தல் தவறு. வடிகால் வெட்டிய கூலி வீண் போகாது. வெட்டாமல் விட்டதன் நட்டம் பெரிது. எறும்பு மேடேறுவதையும் தும்பி தாழப் பறப்பதையும் பார்த்து மழை அறிந்த அனுபவத்தை விட வேண்டியதில்லை. ஆனால் அவை சில மணி நேரம் முன்புதான் சொல்லும். கடல் மிதவையின் துணையோடு வரும் அறிவிப்பு சில நாட்களுக்கு முன்பே கிடைக்கிறது.

காவலைக் காப்பது யார்?

மிதக்கும் எப்பொருளின் அடியிலும் மீன் கூடும். அதனால் சிலர் மிதவையில் படகைக் கட்டுவதும், வலையைச் சிக்க வைப்பதும் நேர்கின்றன. சூரிய மின்தகடுகளும் கருவிகளும் கழற்றப்பட்ட சம்பவங்களும் உண்டு. ஒரு தகடு போனால் பாட்டரி தளரும். பாட்டரி தளர்ந்தால் செய்தி நிற்கும். அடுத்த கப்பல் சென்று சீர் செய்யும் வரை அப்பகுதிக் கடல் ஊமையாகிவிடும். புயலுக்கு முதலில் ஆளாவது மீனவரே, அடுத்து உழவர். கடலோரக் கிராமங்களில் உழவும் மீன்பிடிப்பும் ஒரே குடும்பத்தில் நடப்பதுண்டு. இதை எடுத்துச் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை வாரம் இருமுறை வெளிவருகிறது. கைபேசி வைத்திருப்போர் 2019-இல் தொடங்கப்பட்ட 'மேகதூத்' செயலியில் தம் மாவட்டத்துக்குரிய அறிவுரையைத் தமிழிலேயே படிக்கலாம். மற்றவர்கள் வானொலிச் செய்தியைத் தவறாமல் கேட்டு, ஐயமிருந்தால் வேளாண்மை உதவி அலுவலரை அணுகலாம். கடலில் மிதவை தன் கடமையைச் செய்கிறது. அது தரும் இரண்டு நாள் அவகாசத்தைக் கரையில் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வது உழவரின் கையில் உள்ளது.