வலியறிதலும் காலமறிதலும்: தோழரோடு ஓடும் நேரச்சோதனை

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதலையும், அதனை அடுத்து இடனறிதலையும் வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த இம்முறைவைப்பு ஓட்டக்களத்தில் நிற்கும் மாணவர்க்கும் பொருந்துவதாகும். தம் வலியை அறிய அவர் காலத்தை அளக்கிறார். அளப்பதற்கு ஏற்ற இடத்தை நாடுகிறார். வலியை எண்ணுங்கால் துணையாவார் வலியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று வள்ளுவர் கூறியிருப்பது மேலும் நோக்கத்தக்கது. போட்டிகள் நின்றுபோன காலத்தில் அணித்தோழர் துணையுடன் நிகழ்த்தப்பெறும் நேரச்சோதனை ஓட்டத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டி நிற்பதால் நேரும் இழப்பு

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் ஓட்டவீரர் பலர் துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள். அவர்களுக்கு ஓட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் பெறவும், இரயில்வே, காவல்துறை போன்றவற்றில் வேலை பெறவும் போட்டிச் சான்றிதழ் உதவுகிறது. ஒரு போட்டி நின்றுவிட்டால் அச்சான்றிதழுக்கான வாய்ப்பும் நின்றுவிடுகிறது. வயது வரம்போ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது டோக்கியோ ஒலிம்பிக் போட்டியே ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவி மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. இத்தகைய நாள்களில் விளையாட்டைப் பற்றி நினைப்பார் இலர். ஆயினும் வெள்ளம் வடிந்தபின், பல மாதம் பயின்ற மாணவர் உள்ளத்தில் ஒரு வினா எஞ்சி நிற்கும்: 'என் பயிற்சி பலித்ததா?' அவ்வினாவிற்கு விடை காணும் வழியே நேரச்சோதனை.

சோதனையை நடத்தும் முறை

குறித்த தொலைவைப் போட்டியில் ஓடுவதைப் போன்றே முழு முயற்சியுடன் ஓடி, நேரத்தைப் பதிவு செய்வது நேரச்சோதனையாகும். இதில் எதிராளி இல்லை, கடிகாரமே எதிராளி.

5000 மீட்டரை 16 நிமிடம் 40 விநாடியில் ஓட விரும்பும் மாணவர் ஒருவரைக் கொள்வோம். மொத்தம் 1000 விநாடி. 400 மீட்டர் ஓடுபாதையில் பன்னிரண்டரைச் சுற்று. ஆகவே சுற்றொன்றுக்கு 80 விநாடி. தனியே ஓடுபவர் ஆர்வத்தால் முதற்சுற்றை 74 விநாடியில் ஓடிவிட்டு, எட்டாம் சுற்றில் தளர்ந்துவிடுவதைப் பலகால் கண்டிருக்கிறோம். இங்குதான் தோழர் தேவைப்படுகின்றனர். ஒருவர் முதல் 1000 மீட்டருக்கு முன்னே ஓடிச் சுற்றுக்கு 80 விநாடி என்னும் வேகத்தைக் காக்க வேண்டும். அடுத்தவர் 2000 வரையிலும், மற்றொருவர் 3000 வரையிலும் அப்பணியை ஏற்க வேண்டும். பின்னால் வருபவர்க்குக் காற்றின் தடையும் குறைகிறது. வேகத்தைக் கணக்கிடும் கவலையும் குறைகிறது. எஞ்சிய தொலைவு அவர்தம் வலிமைக்கு உரியது.

1954 மே 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார். அன்று அவருக்கு முன்னே ஓடி வேகம் காத்தவர்கள் கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே என்னும் நண்பர் இருவர் என்பதை மறத்தலாகாது.

இடத்தையும் அறிதல் வேண்டும். முதல் தடத்தில் 400 மீட்டர் உள்ள சுற்று, இரண்டாம் தடத்தில் ஏறத்தாழ 7 மீட்டர் கூடுகிறது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு ஓடுவோர் அளவு நாடாவால் சுற்றை அளந்தபின்னரே தொடங்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் எண்ணூர் விரைவுச் சாலை சோதனைக்கு ஏற்ற இடமன்று. பஜ்ருத் தொழுகைக்குப் பின் வெயில் ஏறுமுன் உள்ள பொழுதே நம் ஊருக்கு உகந்தது.

நேரம் எடுப்போர் மூவர் இருத்தல் நலம். மூன்று கடிகாரங்களில் இரண்டு ஒத்திருந்தால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளதைக் கொள்ள வேண்டும். இரண்டே கடிகாரம் இருந்து அவை வேறுபட்டால் கூடுதலான நேரத்தையே எழுத வேண்டும். இது தடகள விதி. தோழர் மீதுள்ள அன்பினால் ஒரு விநாடியைக் குறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் உதவியன்று. கடிகாரம் பிடிப்பவர் கையிலிருப்பது அமானிதம்.

வரலாறு காட்டும் சான்றுகள்

2020 ஜூன் 11ஆம் நாள், ஊரடங்கின் நடுவே, நார்வேயின் ஒஸ்லோ நகரில் இங்கப்ரிக்ட்சன் சகோதரர் மூவர் இடம்பெற்ற அணியும், கென்யாவின் நைரோபியில் டிமோத்தி செருயோட் அணியும் அவரவர் நாட்டிலேயே 2000 மீட்டர் ஓடின. ஓடியது இரு கண்டங்களில், ஒப்பிட்டது நேரங்களை. இளையவர் யாக்கோப் 4 நிமிடம் 50.01 விநாடியில் ஓடி ஐரோப்பியச் சாதனை படைத்தார்.

நம் தமிழகத்திற்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. 2021 மே மாதத் தொடக்கத்தில் போலந்தில் நடந்த உலகத் தொடரோட்டப் போட்டிக்கு, கொரோனா இரண்டாம் அலையால் விமானங்கள் தடைப்பட்டமையின், இந்திய அணி செல்ல இயலவில்லை. பின்னர் டோக்கியோவுக்குச் செல்லும் கலப்புத் தொடரோட்ட அணிக்கான மகளிரைத் தேர்ந்தெடுக்க ஜூலையில் பாட்டியாலாவில் 400 மீட்டர் தேர்வோட்டம் நடத்தப்பெற்றது. மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி 53.55 விநாடியில் முதலில் வந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கூலிவேலை செய்த பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். அத்தேர்வில் தெரிவான மூவரும் தமிழகப் பெண்களே. ஜூலை 30ஆம் நாள் டோக்கியோவில் ரேவதியும் சுபா வெங்கடேசனும், முகமது அனஸ், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் ஓடினர். அணி இறுதிச்சுற்றை எட்டவில்லை. எனினும் ஒரு நிமிடத்திற்கும் குறைவான தேர்வோட்டம் ஒரு பெண்ணை ஒலிம்பிக் களத்தில் நிறுத்தியது என்பது மெய்.

சோதனையின் எல்லை

எல்லாச் சோதனைக்கும் இம்மதிப்பு இல்லை. முன்னரே அறிவித்து, உரிய அனுமதியுடன் நடைபெறும் முறையான போட்டியிலன்றி உலகச் சாதனை ஏற்கப்படுவதில்லை. தனியோட்டமாயின் மூவரேனும் போட்டியிட வேண்டும். 2019 அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தார். முறை மாற்றி முறை மாற்றி வேகம் காத்த துணையோட்டக்காரர் பலர் உடன் ஓடினர். அந்நேரம் சாதனைப் பட்டியலில் சேரவில்லை. உலகின் முதல் வீரர்க்கே இந்நிலை என்றால், நம் மைதானத்தில் எடுத்த நேரத்தைக் காட்டி எந்த அலுவலகத்திலும் வேலை கேட்க இயலாது. இதனை மாணவரிடம் மறையாது கூறிவிடல் வேண்டும்.

அவ்வாறாயின் பயன் என்ன? போட்டி மீண்டும் வரும் நாளில் தாம் எந்நிலையில் நிற்கிறோம் என்பதை அறிந்து நிற்பதே பயன். மேலும் கல்லூரிகள் மனம் வைத்தால் இப்பயனைப் பெருக்கலாம். வடசென்னைக் கல்லூரிகள் கூடி, அளந்த பாதையில், உடற்கல்வி ஆசிரியர் முன்னிலையில் சோதனை நடத்தி, பதிவேட்டில் கையொப்பமிட்டு வைத்தால், அடுத்த போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கவேனும் அது நேர்மையான சான்றாகும். சமுதாயப் பெரியோர் இதற்கு உறுதுணையாதல் வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதல்முறை அன்னையாரும் பிறிதொருமுறை நாயகமும் முந்தியதும் நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ளன. அங்கே பரிசும் இல்லை; பார்வையாளர் கூட்டமும் இல்லை. ஆயினும் ஓட்டம் உண்மையானது, முடிவும் உண்மையானது. போட்டியற்ற நாளில் தோழர் மூவரை அழைத்துக்கொண்டு மைதானத்திற்குச் செல்லும் மாணவர் நாடவேண்டியதும் அவ்வுண்மையே. இன்று தமக்காகத் தோழர் முன்னோடினர். அடுத்த வாரம் அத்தோழருக்காகத் தாம் முன்னோட வேண்டும். இக்கடனை அறிந்தவரே வலியும் காலமும் அறிந்தவராவார்.