வயிறாரத் தின்றும் நீண்டு வாழ்ந்த சுண்டெலிகள்

தீனியைக் குறைத்தால் எலியின் ஆயுள் கூடும் என்பது 1935-லேயே தெரிந்த சங்கதி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளைவ் மெக்கே, சத்துக் குறையாமல் அளவை மட்டும் குறைத்து அதைக் காட்டினார். ஆனால் ஒரு முடிச்சு நெடுங்காலம் அவிழவில்லை. ஆயுள் கூடியது குறைவாகத் தின்றதாலா, அதனால் உடம்பில் கொழுப்புக் குறைந்ததாலா? இரண்டும் கூடவே நடப்பவை. பிரித்துப் பார்ப்பது எப்படி?

வழி காட்டியவை ஃபிர்கோ சுண்டெலிகள். மத்தியாஸ் ப்ளூஹர், பார்பரா கான், ரொனால்ட் கான் மூவரும் 2003-ல் இவற்றின் ஆயுளைப் பற்றி எழுதினார்கள். செல்லின் மேலுறையில் இருந்துகொண்டு இன்சுலினின் சேதியை உள்ளே கடத்தும் புரதம் இன்சுலின் ஏற்பி. அதன் மரபணுவைக் கொழுப்புச் செல்களில் மட்டும் நீக்கியிருந்தார்கள். தசையிலும் ஈரலிலும் மூளையிலும் தொடவில்லை. 'சேர்த்து வை' என்ற கட்டளை போய்ச் சேராததால் கொழுப்பு 50 முதல் 70 விழுக்காடு குறைந்தது. தீனி குறையவே இல்லை. உடல் எடையோடு ஒப்பிட்டால் மற்ற எலிகளைவிட அதிகமாகவே தின்றன. ஆனாலும் சராசரி ஆயுள் 18 விழுக்காடு கூடியது. ஏறக்குறைய 134 நாள். எலிக்கு அது சின்னக் காலமில்லை.

இதற்குப் பத்தாண்டு முன்பே சிந்தியா கென்யன், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றில் டாஃப்-2 என்ற ஒற்றை மரபணுவின் பிறழ்வு ஆயுளை இரட்டிப்பாக்குவதைக் கண்டிருந்தார். அது புழுவின் இன்சுலின் ஏற்பிக்கான மரபணு என்பது 1997-ல் புலப்பட்டது. இன்சுலின் சேதி அடங்கும்போது ஃபாக்ஸோ என்னும் புரதம் செல்லின் கருவுக்குள் நுழைந்து, செல்லைப் பாதுகாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பழ ஈயின் கொழுப்புத் திசுவில் அந்தப் புரதத்தைக் கூட்டியபோதும் ஆயுள் நீண்டது. புழு, ஈ, எலி மூன்றிலும் ஒரே வழித்தடம்! எனக்கு இதில் தீராத வியப்பு.

அதற்காகக் கொழுப்பை எதிரியாக்கிவிடக் கூடாது. கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறப்பவர்களுக்குக் கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படிந்து கடும் நீரிழிவு வருகிறது. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன் சுரப்பதும் இந்தத் திசுவில்தான்; இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அது. ஆகவே கொழுப்பின் அளவைவிட, அந்தச் செல் எப்படி வேலை செய்கிறது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். 2007-ல் வந்த ஆய்வும் அந்தப் பக்கமே சாய்கிறது: சாதாரண எலிகளின் கொழுப்புத் திசுவில் வயதோடு தளர்ந்துபோகும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கான மரபணுக்கள், ஃபிர்கோ எலிகளில் தளராமல் இயங்கிக்கொண்டிருந்தன.