புதுமைப்பித்தன்: வறுமையும் எழுத்தும்

தமிழ்ச் சிறுகதையின் போக்கை மாற்றிய புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். அரசுப் பணியிலிருந்து தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. தந்தை மறுமணம் செய்துகொண்ட வீட்டில் மகனுக்கு மனம் ஒட்டவில்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மகன் அரசு உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பேனாவை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார்.

அப்போது ‘மணிக்கொடி’ இதழ் புதிய எழுத்தாளர்களுக்குக் களமாக இருந்தது. 1934 முதல் அதில் அவருடைய கதைகள் தொடர்ந்து வந்தன. இதழ் பெயர் வாங்கித் தந்ததே தவிர வயிற்றை நிரப்பவில்லை. ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ எனப் பத்திரிகைகளில் உதவி ஆசிரியராக உழைத்தார். ‘தினமணி’ ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் 1943இல் பதவி விலகியபோது, புதுமைப்பித்தனும் வேலையை விட்டார். மனைவி கமலா பலமுறை திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் தங்க நேர்ந்தது. அவருக்கு எழுதிய கடிதங்களில் அன்பும் பணக் கவலையும் பக்கத்துக்குப் பக்கம் கலந்து கிடக்கின்றன.

இந்த வாழ்க்கைதான் கதைகளில் இறங்கியது. ‘ஒரு நாள் கழிந்தது’ கதையின் முருகதாசர் ஓர் எழுத்தாளர். நாவல் எழுதும் கனவோடு விளம்பரம் எழுதிப் பிழைப்பவர். வீட்டுக்கு வந்த நண்பர்களுக்குக் காப்பி கொடுத்து உபசரிக்கிறார். புறப்படும் நேரத்தில் அவர்களிடமே சிறு கடன் கேட்கிறார். கதையில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் கேட்பதற்குமுன் அவர் படும் கூச்சத்தை, கைமாற்றுக்காக ஒருவர் முன் நின்ற எவரும் அறிவார். ‘செல்லம்மாள்’ கதையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, கடைசியில் தன்னந்தனியாக அவள் சாவையும் பார்க்கிறார். புராணத்தையும் கடவுளையும்கூட அவர் கதைகள் விட்டுவைக்கவில்லை. ‘சாப விமோசன’த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே சென்னைத் தெருவுக்கு வந்து காப்பி குடிக்கிறார்.

வருமானம் தேடித் திரைப்படத்துக்கும் எழுதினார். சொந்தமாகத் தொடங்கிய படக் கம்பெனி நிலைக்கவில்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே சென்றவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. உடல் நலிந்து திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30 அன்று, 42ஆம் வயதில் அங்கேயே காலமானார். ஏறத்தாழ 15 ஆண்டு எழுத்து வாழ்க்கையில் சுமார் 100 கதைகளோடு கவிதைகள், கட்டுரைகள், உலகச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகளையும் விட்டுச் சென்றார்.

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டிலேயே தொ.மு.சி. ரகுநாதன் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ எழுதினார். இளைஞரான சுந்தர ராமசாமி நினைவு மலர் தொகுத்தார். திருநெல்வேலிப் பேச்சு வழக்கைத் தயக்கமின்றி உரைநடைக்குள் கொண்டுவந்ததும், புராணத்தைக் கேள்வி கேட்டதும், ஏழையின் வாழ்வைக் கண்ணீர்ப் பிரசங்கம் ஆக்காமல் சொன்னதும் பின்வந்தவர்களுக்கு வழி திறந்தன. வட்டார எழுத்து இன்று இயல்பாக நடமாடுவதில் அவர் பங்கு பெரிது.

அவர்மீது விமர்சனங்களும் உண்டு. சில கதைகள் மாப்பசானைத் தழுவியவை என்ற விவாதம் நீண்டகாலம் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் துயரைச் சொல்லும் ‘துன்பக் கேணி’, சாதியைக் காட்டும் விதத்துக்காகக் கண்டனம் பெற்றது. இந்த விவாதங்களையும் சேர்த்தே அவரைப் படிப்பது நேர்மை.

2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’, மூலத்தோடு ஒப்பிட்டுச் செப்பம் செய்த பாடத்தை வாசகருக்குத் தந்தது. 2002இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. இதுவரை அவரைப் படிக்காதவர்கள் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையிலிருந்து தொடங்கலாம். சில பக்கங்களே உள்ள கதை அது.