வார்டை விட்டு வந்த பிறகும் இறங்காத பாரம்



கொரோனா முடிந்து நாம் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டோம். அந்த நாட்களில் வார்டில் நின்ற நர்ஸ் சகோதரிகள் சிலரால் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்ப முடியவில்லை. நர்ஸிங் படித்த பெண்கள் நம் மஹல்லாக்களிலும் இருப்பதால், வீட்டில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2021-ல் இரண்டாம் அலை ரமலானோடு சேர்ந்து வந்தது. மே 14 பெருநாள். மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பாதுகாப்பு உடையை மாட்டிவிட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ முடியாது. அந்தக் களைப்பு தூங்கினால் தீரும். தீராதது வேறு ஒன்று.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் உறவினர் செய்ய வேண்டியதையும் அங்கிருந்தவர்களே செய்தார்கள். கேரளத்தின் பட்டாம்பியில், மரணத் தறுவாயில் இருந்த ஒரு முஸ்லிம் பெண்ணின் காதில் கலிமாவை ஓதியவர் ஓர் இந்துப் பெண் மருத்துவர். வீடியோ காலில் பிள்ளைகள் அழ, போனை நோயாளியின் முகத்துக்கு நேராகப் பிடித்து நின்ற நர்ஸுகள் எத்தனையோ பேர். போனை வைத்த கையோடு அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும். அழ நேரமில்லை. ஆக்ஸிஜன் படுக்கை ஒன்று காலியானால் காத்திருப்பவர் பலர்.

'இன்னும் கொஞ்சம் முன்னால் பார்த்திருக்கலாமோ' என்று, தன் கையில் இல்லாத ஒன்றுக்காகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வதை மனசாட்சிக் காயம் என்பார்கள். இது மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். தூக்கம் வராது, வந்தாலும் மானிட்டர் சத்தம் கேட்டதுபோல் திடுக்கிட்டு எழுவார். பிள்ளைகள்மீது காரணமில்லாமல் எரிந்து விழுவார். விசேஷ வீடுகளுக்குப் போக மாட்டார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கும்.

இதைப் பார்த்து "ஈமான் பலவீனம், தொழுதால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. தொழுகை ஆறுதல் தரும், சந்தேகமில்லை. ஆனால் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். துக்கம் ஈமானின் குறை அல்ல. ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். டாக்டரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். வைத்தியம் செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை, விட்டுவிடு" என்பதும் உதவி அல்ல. மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா (ரலி). அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களையும் அங்கேதான் கொண்டு சேர்த்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நைட் ட்யூட்டி முடிந்து வருபவரை அடுப்படிக்கு அனுப்பாமல் தூங்க விடுங்கள். வார்டில் நடந்ததைத் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கே புத்தி சொல்லாமல் கேளுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, 'வாழ்ந்து என்ன' என்பதுபோல் பேசினாலோ காத்திருக்க வேண்டாம்.

கல்யாணமாகாத பெண் என்றால் 'மனநல டாக்டரிடம் போனது வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே' என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. அவர்கள் முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூடவே வீட்டிலிருந்து ஒருவர் போங்கள்.