உங்களுக்குத் தெரியுமா? மருதாணியும் பாட்டில் பழுப்பும்

பாண்டி பஜார் நடைபாதையில் மருதாணி வைத்துக்கொண்டு வந்தால், மறுநாள் உள்ளங்கை கருஞ்சிவப்பு. புறங்கை வெளிர் ஆரஞ்சுதான். சாயம் பிடிப்பது தோலின் இறந்த மேலடுக்கில். உள்ளங்கையில் அது தடிமன்.

வெயிலில் காயாமலே உடம்பைப் பழுப்பாக்கும் ‘செல்ஃப் டேனர்’ கிரீமுக்கும் அந்த அடுக்குதான் களம். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்த டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் சிந்திய இடமெல்லாம் தோல் பழுப்பானது. அதில் பிறந்த யோசனைதான் இந்தக் கிரீம். (நம் கடைகளில் வெளுக்கவைக்கும் கிரீமுக்குத்தான் கிராக்கி!)

அந்த அடுக்கு தடித்திருக்கும் முட்டியிலும் முழங்கையிலும் செல்ஃப் டேனர் திட்டுத்திட்டாகக் கறுக்கும். முதலில் தேய்த்துக் குளித்து, அங்கே மாய்ஸ்சரைசர் போட்டு, பிறகு மிகக் கொஞ்சமாகத் தடவ வேண்டும். உள்ளங்கையை உடனே கழுவாவிட்டால் அதுவும் மருதாணிக் கைதான்.